கேள்வி கேட்காத அக்கா

நம்ம ஆளுங்க ரெண்டு பேர் புதுசா சந்திச்சா முதல் அஞ்சு நிமிஷம் எப்படிப் போகும்னு சொல்லவே வேணாம். எந்த ஊரு, எந்த எஸ்டேட்டு, அப்பா என்ன வேலை பார்த்தாரு, கல்யாணம் ஆயிருச்சா, எத்தனை பிள்ளைங்க, வீடு சொந்தமா வாடகையா. கோலாலம்பூர்ல ஒரு ஆராய்ச்சி லேப்புல வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு, இதுக்கெல்லாம் பதிலைத் தயாரா வச்சுக்கிட்டுதான் உள்ள போனேன். அங்க இருந்த ஒரே தமிழ்ப் பொம்பளை அந்த அக்காதான். என்னைவிடப் பத்து வயசு மூப்பு. நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாங்க. "உம்மட மேசை அது"ன்னாங்க. திரும்ப மைக்ரோஸ்கோப்புல கண்ணை வச்சுட்டாங்க. சரியான திமிர் பிடிச்ச மனுசின்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

அப்புறம் பதினெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசை. அத்தனை வருஷத்துல என்னைப் பத்தி அவங்க ஒரு கேள்விகூட கேட்டதில்ல. என்னை மட்டுமில்ல, யாரையுமே. அவங்களைப் பத்தியும் எதுவும் சொன்னதில்ல. பேச்சை வச்சு சிலோன்காரங்கன்னு கண்டுபிடிச்சேன். பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு பழைய ஃபிளாட்டுல தனியா இருக்காங்க, கல்யாணம் பண்ணிக்கலன்னு கேன்டீன்ல மத்தவங்க சொன்னாங்க. நானோ வாயாடி. கிளாங்குலேருந்து கொமூட்டர் ரயில்ல வர்ற ஒரு மணி நேரத்துக்குள்ள பக்கத்து சீட்டு ஆளோட மருமக பேரு வரைக்கும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் இறங்குவேன். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் அவங்க பக்கத்துல உட்கார வச்சது யார் செஞ்ச சதியோ தெரியல.

எங்க வேலை என்னன்னு சொல்லிடறேன். மனுசனோட ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நாப்பத்தாறு குரோமோசோம், இருபத்து மூணு ஜோடி. செல்லை வளர்த்து, சரியான நேரத்துல நிறுத்தி, ஸ்லைடுல சொட்டி, சாயம் போட்டா ஒவ்வொண்ணும் வரி வரியா, நீளமா ஒரு கை, குட்டையா ஒரு கைன்னு தெரியும். அதைப் படம் புடிச்சு கம்ப்யூட்டர்ல ஜோடி ஜோடியா அடுக்கணும். நல்ல செல்லுன்னா சீக்கிரம் முடிஞ்சிடும். எங்களுக்கு வர்றது நல்ல செல் இல்ல. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ல எடுத்த சதைத் துணுக்கு. நோயாளிங்க ஆராய்ச்சிக்குன்னு சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறது. அந்தச் செல்லுக்குள்ள பார்த்தா வெள்ளம் வந்து வடிஞ்ச வீடு மாதிரி இருக்கும். நாப்பத்தாறு இருக்க வேண்டிய இடத்துல அறுபது, எழுபது. ஒண்ணு உடைஞ்சு இன்னொண்ணோட முனையில ஒட்டியிருக்கும். அஞ்சாம் நம்பரோட குட்டைக்கை ரெண்டு பக்கமும் எதிரெதிரா நிக்கும், நீளக்கையைக் காணவே காணோம். மூணாம் நம்பரோட நீளக்கை கூடுதலா எங்கயாவது தொத்திக்கிட்டிருக்கும். எந்த ஜோடியிலயும் சேராத துண்டுங்க திரையோட அடியில மிஞ்சிக் கிடக்கும்.

அந்த மிஞ்சின துண்டுங்கதான் அக்காவுக்கு உசுரு. மனுசங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காதவங்க, அதுங்ககிட்ட நாள் முழுக்கக் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. மெரூன் ஸ்வெட்டரை இழுத்துப் போத்திக்கிட்டு, திரைக்குக் கிட்டத்துல முகத்தைக் கொண்டுபோய், "எங்கயிருந்து வந்தனி? ஆரோட போய் ஒட்டினனி?"ன்னு முணுமுணுப்பாங்க. புதுசா வந்த மலாய்ப் பிள்ளைங்க முதல்ல பயந்துபோகும். எங்க டாக்டர் சீன ஆளு, நல்ல மனுசன், ஆனா அவசரக்காரர். அடையாளம் தெரியாததுன்னு எழுதிட்டு அடுத்ததுக்குப் போங்களேன்னு கெஞ்சுவாரு. அக்கா தலையாட்டுவாங்க. போகமாட்டாங்க. ஒரு தடவை கட்டைவிரல் நகம் மாதிரி இருந்த ஒரு துண்டுக்காக மூணு வாரம் உட்கார்ந்தாங்க. கடைசியில அது மூணாம் நம்பரோட நீளக்கை, பாதியில ஒடிஞ்சு, பதினேழாம் நம்பரோட மிச்சத்துல தலைகீழா ஒட்டியிருக்குன்னு கண்டுபுடிச்சாங்க. அன்னிக்கு லேப்புல எல்லாருக்கும் கறிபாப் வாங்கிக் குடுத்தாங்க. எதுக்குன்னு சொல்லல. நாங்க யாருக்கோ பிறந்தநாளுன்னு நினைச்சுத் தின்னோம்.

அவங்க சத்தம் போட்டு நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். சாம்பிள் பாட்டில்ல நம்பர் மட்டும்தான் இருக்கணும். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்காரங்க மறந்துபோய், பேரும் ஊரும் போட்ட ஸ்டிக்கரோட அனுப்பிட்டாங்க. ஒரு தமிழ்ப் பேரு. நான் சும்மா இருக்க முடியாம, "ஐயோ, இந்தப் பேருல எங்க சித்தி மக ஒருத்தி இருக்காளே"ன்னு வாசிக்க ஆரம்பிச்சேன். "நிப்பாட்டும்"னு ஒரு அதட்டு. பாட்டிலைக் கீழ வச்சுட்டேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டே வந்தாங்க, வெள்ளை டேப்பை எடுத்து அந்தப் பேருமேல விரலால தடவிப் பார்த்தே ஒட்டினாங்க. கண்ணால பார்க்கவே இல்ல. அந்தப் பொம்பளை யாருக்கும் சொல்லியிருக்கமாட்டா, நாம மட்டும் எப்படித் தெரிஞ்சுக்கலாம்னு, அப்புறம் மெதுவா சொன்னாங்க.

இப்படிப்பட்டவங்க மேல எனக்கு எப்படிப் பாசம் வந்துச்சுன்னா, அதுக்குக் காரணம் என் வீட்டுக்காரர். அவரு ஒரு நாள் பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. எங்க போனாரு, யாரோட போனாரு, ஏன் போனாருன்னு கிளாங்கே என்கிட்ட வந்து கேட்டுச்சு. கோயில்ல கேட்டாங்க, பாசார்ல மீன்காரர் கேட்டாரு, சொந்தத்துல ஃபோன் போட்டுக் கேட்டு, கேட்டதையே திரும்பக் கேட்டாங்க. நான் வேலைக்கே போகாம எம்.சி.ன்னு மெடிக்கல் லீவு போட்டுட்டுக் கிடந்தேன். அந்த ஞாயித்துக்கிழமை கதவைத் தட்டினது அக்கா. பிரிக்ஃபீல்ட்ஸ்லேருந்து ரயில்ல, கையில ஒரு பையில அரிசி, முட்டை, பிஸ்கட், மைலோ. உள்ள வந்தாங்க, என் மகளோட உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் கார்ட்டூன் பார்த்தாங்க. எழுந்து, "திங்கள் வாரும், ஸ்லைடு நிறையக் கிடக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஒரு வார்த்தை கேக்கல. அவங்க போனதுக்கு அப்புறம்தான் எனக்கு வாய்விட்டு அழ முடிஞ்சது. ஒருத்தர்மேல அன்பு இருந்தா எதுவும் கேக்காம இருக்கணும்னு நான் கத்துக்கிட்டது அன்னிக்குத்தான். என் கெட்ட நேரம், அதை நல்லாவே கத்துக்கிட்டேன்.

ஒரு தடவை பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் துணி எடுக்கப் போனப்ப அவங்களைச் சாப்பாட்டுக் கடையில பார்த்தேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம், கடை முழுக்கக் குடும்பம் குடும்பமா ஆளுங்க. அவங்க ஓரத்துல ஒத்தை மேசையில, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இலையில சோத்தை ரொம்ப நேரமா பிசைஞ்சுக்கிட்டிருந்தாங்க. பழைய நானா இருந்தா நேரே போய் எதிர்ல உட்கார்ந்திருப்பேன். அன்னிக்கு, அவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாறி நடந்துட்டேன். பெரிய மரியாதை பண்ணிட்டதா நினைப்பு வேற.

இப்ப ஒரு பாரத்துக்கு வர்றேன், பூர்த்தி பண்ற ஃபார்ம். வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்டாஃபுக்கெல்லாம் உடல் பரிசோதனை நடக்கும். எங்க பகுதிக்கு லிஸ்ட் எடுக்கிற வேலையை என் தலையில கட்டியிருந்தாங்க. ரத்தம், சர்க்கரை, கொழுப்பு, கண்ணு. பொம்பளைங்களுக்கு மட்டும் கடைசி வரியில பாப் ஸ்மியர். கர்ப்பப்பை வாயிலேருந்து கொஞ்சம் செல்லைத் தடவி எடுத்துப் பார்க்கிற சோதனை. புற்றுநோயா மாறுறதுக்குப் பல வருஷம் முன்னாடியே காட்டிக் குடுத்துடும். பாரத்தோட மேல 'காவின்', 'புஜாங்'னு ரெண்டு கட்டம். கல்யாணம் ஆனவங்க, ஆகாதவங்க. புஜாங்ல டிக் இருந்தா அந்தக் கடைசி வரிக்கு நேரா ஒரு கோடு இழுத்துடுவேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லல. நம்மளா பண்ணிக்கிறதுதான். அந்த நோயைக் கொண்டுவர்ற கிருமி உடலுறவுல தொத்துறது. கல்யாணமாகாத தமிழ்ப் பொம்பளைகிட்ட "உங்களுக்கு இந்த டெஸ்ட் வேணுமா"ன்னு கேட்டா, நாம என்ன கேக்கிறோம்னு அவங்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அதுவும் அக்காகிட்டப் போய்க் கேக்கிறதா? நாக்கு அழுகிடும்.

ஏழு வருஷம் அவங்க பாரத்துல கோடு போட்டேன். கோடு போட்டு நீட்டுவேன், அவங்க கீழ கையெழுத்துப் போட்டுத் தருவாங்க. ஒரு வருஷம் பேனாவைப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாரத்தையே பார்த்தாங்க. ஐசி அட்டை நம்பரைச் சரிபார்க்கிறாங்கன்னு நினைச்சேன். எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டேன். "ஓம், சரி"ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாங்க.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவங்க அடிக்கடி எம்.சி. எடுக்க ஆரம்பிச்சாங்க. முகம் வெளுத்துப் போச்சு. பிரஷர் போலன்னு நாங்க பேசிக்கிட்டோம். அவங்ககிட்ட யாரும் கேக்கல, கேட்டாலும் சொல்லமாட்டாங்கன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில ஆஸ்பத்திரியிலேருந்து சாம்பிள் வந்துச்சு. அன்னிக்கு அவங்க முறை. ஆனா அவங்க அந்தப் பாட்டிலை எடுத்துக்கிட்டு என் மேசைக்கு வந்தாங்க.

"இதை நீர்தான் பாக்கவேணும்."

"ஏன் அக்கா, இன்னிக்கு உங்க முறைதானே?"

"நான் பாக்கக்கூடாது. இது என்ர."

முதல்ல எனக்கு மண்டையில ஏறல. பாட்டிலைப் பார்த்தேன், நம்பரைப் பார்த்தேன், அவங்களைப் பார்த்தேன். அடுத்தவங்க பேரை டேப் போட்டு மறைச்ச மனுசி, சம்மதக் கையெழுத்துப் போட்டப்ப கிடைச்ச தன் நம்பரை எனக்குக் காட்டிட்டு நிக்கிறாங்க. அப்பகூட நான் என்ன பண்ணினேன் தெரியுமா? "சரிங்க அக்கா"ன்னு வாங்கி வச்சுக்கிட்டேன். கையைப் புடிக்கல, எப்படி இருக்கீங்கன்னு கேக்கல. அவங்க ஒரு நிமிஷம் நின்னாங்க, அப்புறம் போய் ஸ்வெட்டரைப் போத்திக்கிட்டு உட்கார்ந்தாங்க. மறுநாள்லேருந்து வேலைக்கு வரல.

செல் வளர்றதுக்குப் பதினோரு நாள் ஆச்சு. என் சர்வீஸ்ல எத்தனையோ ஸ்லைடு பார்த்திருக்கேன். இதுக்கு மட்டும் உட்கார முடியல, எழுந்து எழுந்து போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்தேன். மூணாம் நம்பரோட நீளக்கை நாலு இடத்துல இருந்துச்சு. அஞ்சாம் நம்பர் உருக்குலைஞ்சு கிடந்துச்சு. பதினொண்ணாம் நம்பர்ல ஒரு பாதி ஒடிஞ்சு முதலாம் நம்பரோட தோள்ல ஏறியிருந்துச்சு. குரோமோசோமைப் பார்த்து வருஷம் சொல்ல முடியாது, அப்படி யாராவது சொன்னா அக்காவே ஒத்துக்கமாட்டாங்க. ஆனா இது ஒரு மாசம் ரெண்டு மாசத்துல ஆன சேதம் இல்லன்னு எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணா உடைஞ்சு, ஒவ்வொண்ணா ஒட்டி, யாரும் பார்க்காம வருஷக்கணக்குல சேர்ந்தது. எழுந்துபோய் அலமாரியில பழைய பாரத்தையெல்லாம் எடுத்தேன். ஏழு பாரம், ஏழு கோடு, எல்லாம் என் கை. அதுல ஏதோ ஒரு வருஷம் அந்தக் கோடு இல்லாம இருந்திருந்தா இந்த ஸ்லைடே வந்திருக்காது.

ஆஸ்பத்திரியில பார்க்கப் போனேன். பெரிய வார்டு. ஒவ்வொரு கட்டிலைச் சுத்தியும் நாலு பேரு, அஞ்சு பேரு, ஃபிளாஸ்கு, பழம், பேச்சு. அக்கா கட்டில் பக்கத்துல நாற்காலிகூட இல்ல, தேவைப்படாதுன்னு பக்கத்துக் கட்டில்காரங்க எடுத்துக்கிட்டிருந்தாங்க. நான் போய்க் கேட்டு இழுத்துட்டு வந்து உட்கார்ந்தேன். நல்ல வார்த்தை பேசணும்னுதான் போனேன். பாழாப்போன வாய், சண்டைதான் வந்துச்சு.

"உங்களுக்குத் தெரியாதா அக்கா? தினம் தினம் இதையேதானே பார்த்துக்கிட்டிருந்தீங்க? எங்கயாவது போய் ஒரு டெஸ்ட் எடுத்திருக்கக் கூடாதா?"

எடுக்கப் போனாங்களாம். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, லீவு போட்டுட்டு, தெரிஞ்ச முகம் எதுவும் இருக்காதுன்னு பந்திங் வரைக்கும் பஸ் ஏறிப் போயிருக்காங்க. ஒரு சின்ன கிளினிக். கவுன்டர்ல தமிழ்ப் பிள்ளை, ரொம்ப மரியாதையான பிள்ளை. மிஸ்ஸா மிஸஸ்ஸான்னு கேட்டிருக்கா. மிஸ்னு சொல்லியிருக்காங்க. "அப்ப உங்களுக்கு இது தேவையில்ல ஆன்டி"ன்னு சிரிச்சுக்கிட்டே பாரத்தை உள்ள வச்சுட்டாளாம். அக்காவும் சிரிச்சுட்டு வெளிய வந்து, அதே பஸ்ஸைப் புடிச்சுத் திரும்பிட்டாங்க. இதைச் சொல்லும்போதும் அந்தப் பிள்ளைமேல அவங்களுக்குக் கோவமே இல்ல.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அக்கா."

"நீர் கேக்கேல்லையே."

குத்திக்காட்டிச் சொல்லல. மழை பெய்யலன்னு சொல்ற மாதிரிதான் சொன்னாங்க. அவங்களே ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டு மெதுவா பேசினாங்க.

"எனக்கு ஆரையும் கேக்கத் தெரியாது. சின்னனில இருந்தே அப்பிடித்தான். ஆனால் என்னை ஆரும் கேக்கக்கூடாது எண்டு நான் ஒருநாளும் நினைச்சதில்லை. நீர் அந்தக் கோட்டைப் போட முதல் ஒருக்கா நிமிர்ந்து பாப்பீர் எண்டு ஒவ்வொரு வருசமும் காத்துக்கொண்டு இருந்தனான். கேட்டிருந்தால் ஓம் எண்டிருப்பன்."

பதினெட்டு வருஷத்துல அவங்க என்கிட்ட சேர்த்தாப்புல பேசினதுல அதுதான் நீளமானது. நான் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, இதுக்குமேல வெட்கப்பட என்ன இருக்குன்னு, யாரு அவருன்னு கேட்டேன்.

உடனே சொன்னாங்க. யோசிக்கவே இல்ல. பேரைச் சொன்னாங்க, எங்க சந்திச்சாங்கன்னு சொன்னாங்க, மூணு வருஷம்னு சொன்னாங்க. அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், எப்படி நடப்பாரு, எந்த ஸ்டேஷன்ல வந்து நிப்பாரு, கடைசியா என்ன சொல்லிட்டுப் போனாருன்னு ஒண்ணுவிடாம சொன்னாங்க. நடுவுல ஒரு இடத்துல சிரிச்சாங்க, பல்லு தெரிய. அவங்களுக்குக் கன்னத்துல குழி விழும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அந்தப் பேரையெல்லாம் நான் இங்க எழுதப் போறதில்ல. முப்பது வருஷமா யாராவது கேப்பாங்கன்னு சேர்த்து வச்சிருந்ததை, பார்வை நேரம் முடியறதுக்குள்ள சொல்லி முடிச்சிடணும்னு அவசர அவசரமா சொன்னாங்க. மணி அடிச்சுட்டாங்க. நர்ஸ் ரெண்டு தடவை வந்து என்னைக் கிளப்பினா. மிச்சத்தை நாளைக்குச் சொல்றேன்னாங்க. நான் மறுநாளும் போனேன், அதுக்கு மறுநாளும் போனேன், ஆனா மருந்து மயக்கத்துல அவங்களால அவ்வளவு பேச முடியல. ஆறு வாரம் கழிச்சுப் போயிட்டாங்க. சுடுகாட்டுக்கு லேப்லேருந்து நாங்க ஏழு பேரு போனோம். ஃபிளாட்டுலேருந்து ரெண்டு பேரு.

லிஸ்ட் எடுக்கிற வேலை இன்னும் என்கிட்டதான் இருக்கு. இந்த வருஷம் ரிசெப்ஷன்ல ஒரு பொண்ணு, சுங்கை வே பக்கத்துலேருந்து வர்றவ, இருபத்தொன்பது வயசு, புஜாங்ல டிக் போட்டிருந்தா. கதவைச் சாத்திட்டு, அவளை உட்கார வச்சு, கடைசி வரியில விரலை வச்சு நேராவே கேட்டேன். இது உனக்கு வேணுமா, ஏன்னு எனக்குச் சொல்ல வேணாம், வேணும் வேணாம்னு மட்டும் சொல்லுன்னேன். அவ முகம் செவந்து போச்சு. என்னைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டிருக்கீங்க ஆன்டின்னு எழுந்து போயிட்டா. கிழவிக்குப் புத்தி கெட்டுப் போச்சுன்னு கேன்டீன்ல சொல்லியிருக்கா. ஒரு வாரமா என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறா.

கோவிச்சுக்கட்டும். உயிரோட இருந்து கோவிச்சுக்கட்டும். அவ பாரத்துல நான் இன்னும் கோடு போடல, நாளைக்குத் திரும்பவும் போய்க் கேப்பேன்.